முப்பத்தெட்டாம் நம்பர் விளாமரம்

கம்பைநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மொரப்பூர் ஸ்டேஷன் போகிற மண்ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்தால் எருக்குட்டை வரும். எண்பது வீடு, ஒரு மாரியம்மன் கோயில், முப்பத்தெட்டு விளாமரம். இந்த முப்பத்தெட்டில் ஒன்றைக்கூட யாரும் நட்டது கிடையாது. எவனோ தின்றுவிட்டுத் துப்பிய விதை, ஆடு போட்ட புழுக்கை, இப்படித் தானாக முளைத்து, முள்ளோடு வளர்ந்து, யார் வீட்டு வேலியோரம் நின்றதோ அவர்கள் வீட்டு மரமாகிவிட்டது.

மரம் என்னவோ பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுதான். பழத்தை உடைத்தால்தான் வண்டவாளம் தெரியும். பஞ்சாயத்துத் தலைவர் முனிராஜ் வீட்டுப் பழம் தேங்காய் அளவு இருக்கும். உடைக்கக் கடப்பாறை வேண்டும். உடைத்தால் உள்ளே ரெண்டு ஸ்பூன் சதை. பெரியம்மாள் வீட்டுப் பழம் ஒரே நார். இன்றைக்குத் தின்றால் நாளை மத்தியானம் வரை பல்லில் குச்சி விட்டுக்கொண்டு திரியவேண்டும். கோயில் மரத்துப் பழம் பழுத்த பிறகும் துவர்க்கும், அம்மனே தொடமாட்டாள். ரோட்டுக்கு மேற்கே ராணியம்மாள் வீட்டு மரம் இருக்கிறதே, அது தனி ரகம். முதலில் புளிக்கும். அட, புளிப்புதானே என்று நாம் ஆசுவாசப்படும்போது பின்னாலேயே ஒரு கசப்பு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

ராணியம்மாள் மரத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்குக் கிழக்கே காசியம்மாள் வீட்டு மரம். அதன் பழத்துக்குக் கத்தியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ரெண்டு பழத்தை ஒன்றோடொன்று தட்டினால் போதும். மெல்லிசு ஓடு விரிசல் விடும், வாசம் தெருமுனை வரைக்கும் போகும். விளாம்பழத்துக்கு வெல்லம் போட்டுத் தின்பதுதான் உலக வழக்கம். இந்தப் பழத்துக்கு வெல்லம் போடுகிறவனை எருக்குட்டையில் கிறுக்கன் என்பார்கள். மரத்துக்குப் பேரே வெல்லவிளா.

அரூரிலிருந்து வருஷா வருஷம் ஆவணியில் ஹயாத் பாஷா வருவார், பழ வியாபாரி. பிள்ளையார் சதுர்த்திக்காக ஊர்ப் பழத்தையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டித் தைப்பார். காசியம்மாள் பழத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் தனியாகக் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி, மொரப்பூரில் ரயிலேற்றிச் சேலத்துக்கு அனுப்புவார். "மத்தது பிள்ளையாருக்கும்மா, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இது மனுசங்க சாப்புடறது" என்பார்.

காசியம்மாளுக்கு அப்போது நாற்பது வயது. கருப்பண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது மானாவாரி நிலம் ரெண்டு ஏக்கர், ஒழுகுகிற கூரை, வாயைத் திறக்காத புருஷன், இவ்வளவுதான் சொத்து. ஊரில் நல்லது கெட்டதுக்கு அவளை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. அந்த மரம் ஒன்றுதான் அவளுக்கு ஊரில் முகம் கொடுத்தது. மசக்கைக்காரிக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் அவள் வாசலுக்குத்தான் ஆள் வரும். காய்ச்சலில் கிடந்தவனுக்கு நாக்குச் செத்துப்போனால் அவள் வாசலுக்குத்தான் வரும். "வெல்லவிளாக்காரி" என்று யாராவது கூப்பிட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பொய் சொல்வானேன், மூத்த மகளைவிட அந்த மரத்தின் மேல் அவளுக்கு ஒரு பிடி கூடுதல் பிரியம்தான்.

ராணியம்மாளோடு பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில், "அவ ராவோட ராவா வேருக்கு வெல்லத்தண்ணி ஊத்தறா, அதான் இனிக்குது" என்று ராணியம்மாள் சொல்லிவிட்டாள். கேட்ட காசியம்மாள் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டாள். சாப்பாட்டை விட்டு வந்த கோபம் வேறு.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆவணியில்தான் அந்த ஆபீசர் வந்தார்.

பழ ஆராய்ச்சிக்காரராம். ஜீப், பேண்ட், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கூடவே தராசையும் நோட்டுப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு மஸ்தான் என்கிற பியூன். கோயில் முன்னால் ஊரைக் கூட்டி ஆபீசர் விளக்கினார். விளாமரம் விதையில் முளைப்பது, அதனால் மரத்துக்கு மரம் பழம் மாறும். இந்த ஊரில் எந்த மரம் எப்படி என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதப்போகிறார். எடை, ஓட்டின் கனம், சதை, நார், விதை எத்தனை, இனிப்பு எவ்வளவு, எல்லாம். மரத்துக்கு ஐந்து பழம் போதும். பறித்த காய் உதவாது, தானாக விழுந்த பழமாக எடுத்து வைக்கவேண்டும். முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "முக்கியமா கேட்டுக்கோங்க. நல்ல பழமாத்தான் குடுக்கணும்னு இல்ல. புளிச்சது, கசந்தது, சொத்தை, எது இருக்குதோ அதையே குடுங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஊர் தலையை ஆட்டியது. எந்த ஒறம்பரைதான் அப்படிச் சொல்லாது? வீட்டுக்கு வருகிற விருந்தாளி எவனாவது எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வை என்று கேட்டிருக்கிறானா? "எதுனாலும் பரவாயில்லை, பழைய சோறு இருந்தாலும் போதும்" என்றுதான் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு பழைய சோற்றைப் போடுகிற வீட்டில் அதற்குப் பிறகு யாராவது பெண்ணெடுப்பானா? ஆபீசர் சொன்னதில் எல்லாம் எருக்குட்டைக்குப் புரிந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் முறை தலைவர் முனிராஜ் வீட்டுக்கு. முதல் நாள் சாயங்காலமே முனிராஜின் பெண்சாதி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காசியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"காசி, நாளைக்கு ஆபீசரு நம்ம வூட்டுக்கு வர்றாரு. நம்ம மரத்துப் பழத்த அந்த மனுசன் முன்னால எப்புடி வெக்கறது சொல்லு? ஒடைக்கறதுக்குள்ள அவரு ரிட்டேர்டு ஆயிடுவாரு. ஒரு அஞ்சு பழம் குடேன்."

இதில் தப்பாக எதுவும் யாருக்கும் படவில்லை. பெண் பார்க்க வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலிதான் வருகிறது. எதிர் வீட்டு டம்ளர்தான் காபிக்கு வருகிறது. கழுத்துச் சங்கிலிகூட ஒரு மணி நேரத்துக்குக் கை மாறுகிறது. ஐந்து பழம் மாறினால் என்ன குடி முழுகிவிடும்? காசியம்மாளுக்கோ பெருமை பிடிபடவில்லை. தலைவர் பெண்சாதி, நடவுக்குக்கூட ஆளனுப்பிக் கூப்பிடுகிறவள், தானே வந்து நிற்கிறாள்.

"அஞ்சு போதுமாக்கா? ரெண்டு சேத்தே எடுத்துக்கோ" என்றாள்.

அடுத்து பெரியம்மாள் வந்தாள். அடுத்து கோயில் பூசாரி. அம்மன் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்றார். அதற்கப்புறம் யாரும் காரணம்கூடச் சொல்வதில்லை. "நாளைக்கு நம்ம முறை" என்பார்கள், காசியம்மாள் எழுந்து போய் எடுத்துவருவாள். விடிகாலையில் மரத்தடியில் விழுந்ததையெல்லாம் பொறுக்கி, எந்த வீட்டுக்கு எது என்று பிரித்து வைப்பது அவளுக்குத் தினப்படி வேலையாகிவிட்டது. தன் கையால்தான் எடுத்துக் கொடுப்பாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

"குடுக்கறதெல்லாம் சரி, நமக்கு வெச்சிருக்கியா?" என்று கருப்பண்ணன் ஒருநாள் கேட்டான். அந்த மாதத்தில் அவன் பேசிய நீண்ட பேச்சு அது.

"நம்முளுது கடைசி நம்பரு. அதுக்குன்னு அஞ்சு, வைக்கோலுக்குள்ள தனியா வெச்சிருக்கறேன். நாலு நாளக்கி ஒருக்கா மாத்தி வெக்கறேன். எனக்குத் தெரியாதா?"

ஆபீசர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்து, தராசு வைத்து, ஓட்டுக்கு இடுக்கி வைத்து அளந்து, ஒரு குழாயில் ரெண்டு சொட்டுச் சாறு விட்டு வானத்தைப் பார்த்து இனிப்பை எழுதினார். மஸ்தான் திண்டாடித்தான் போனான். பழத்துக்கு முந்நூறு விதை, ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது "எந்தூருங்க உங்களுக்கு?" என்று கேட்டால் தொலைந்தது, மறுபடி ஒன்றிலிருந்து.

பத்தாவது மரத்தில் ஆபீசருக்கு நெற்றி சுருங்கியது. இருபதாவது மரத்தில் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லா மரத்துக்கும் ஓடு மூன்று மில்லிமீட்டர், எல்லா மரத்துக்கும் இனிப்பு பதினெட்டு. விதை எண்ணிக்கைகூட ஒட்டி ஒட்டி வந்தது.

மஸ்தான் மெதுவாக, "அய்யா, பாத்தா எல்லாம் ஒரே மரத்துப் பழம் மாதிரி இருக்குதுங்க" என்றான்.

"அதாய்யா கண்டுபிடிப்பு!" என்று ஆபீசர் துள்ளினார். "விதையில முளைச்ச இருபது மரம் ஒண்ணு மாதிரியே இருக்குதுன்னா, இந்த மண்ணுல ஏதோ இருக்குது. நாட்டுல எங்கயும் கிடையாது. நீ பேசாம எண்ணு."

மஸ்தான் பேசாமல் எண்ணினான். பாவம், அவனுக்குச் சம்பளம் எண்ணுவதற்குத்தான்.

முப்பத்தாறு முடிந்தது. முப்பத்தேழு ராணியம்மாள் மரம், முப்பத்தெட்டு காசியம்மாள் மரம், இரண்டும் ஒரே நாளில் என்று சொல்லிவிட்டுப் போனார் ஆபீசர். அதற்குள் வெல்லவிளாவில் விழவேண்டியது எல்லாம் விழுந்து தீர்ந்திருந்தது. கிளையில் இருந்தது பச்சைக் காய், அடுத்த மாதத்துக்குத்தான் ஆகும். வைக்கோலில் அந்த ஐந்து மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்குக் காலையில் ராணியம்மாள் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ரோட்டைத் தாண்டி வந்தாள். வந்தவள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. காசியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"காசி."

"யாரு?" என்றாள் காசியம்மாள். தெரியாமலா கேட்டாள்?

"நாந்தான். அன்னிக்கி அப்புடிச் சொன்னது என் வாய்க்கொழுப்புதான். மனசுல வெச்சுக்காத. இன்னிக்கி ஆபீசரு வர்றப்ப எங்க சம்பந்தி வூட்டுக்காரங்களும் வர்றாங்க, பையனுக்குப் பேச. எல்லார் முன்னாலயும் எம் மரத்துப் பழத்த அவரு வாயில வெச்சாருன்னா, அந்தக் கசப்புல சம்பந்தமே போயிடும்."

சாம்பல் கையோடு காசியம்மாள் எழுந்தாள். தன்னிடம் இருப்பது கடைசி ஐந்து என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெல்லத்தண்ணி என்று சொன்ன அதே வாய் இன்றைக்கு அவள் படலைப் பிடித்துக்கொண்டு பழம் கேட்கிறது. இந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. நேரே உள்ளே போனாள். வைக்கோலைக் கிளறி ஐந்தையும் எடுத்தாள். ராணியம்மாள் மடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"இதுக்கு எந்தத் தண்ணியும் ஊத்தல, தெரிஞ்சுக்க" என்றாள். ராணியம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காசியம்மாளுக்கும்தான்.

முப்பத்தேழாம் நம்பர் அமோகமாக முடிந்தது. சம்பந்தி வீட்டாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தது. ஆபீசர் பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள், ராணியம்மாள் கொல்லைப்புறமாக ஓடி, தன் மரத்தடியில் கிடந்த ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

"காசி, ஒண்ணுமில்லாத தட்டையா நீட்டுவே? இத வெச்சுக்க. வேற வூட்டுக்கு ஓடிப் போயி வாங்க இப்ப நேரமில்ல."

காசியம்மாள் அந்தப் பழங்களைப் பார்த்தாள். பழம் இல்லை என்று சொல்லலாம். வீடு தேடி வந்தவர் முன்னால் வெறுந்தட்டா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். போகட்டும், காகிதத்தில் ஒரு மரத்துக்கு ஒரு நாள் பேர் கெட்டால் என்ன? வெல்லவிளா யார் மரம் என்று ஊருக்குத் தெரியாதா, அரூருக்குத் தெரியாதா, சேலத்துக்குத் தெரியாதா? தட்டில் வைத்து நீட்டிவிட்டாள்.

ஆபீசர் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார். முதலில் ஒரு கண் மூடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கண்ணும் மூடியது. ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார்.

"வருத்தப்படாதீங்கம்மா" என்றார் ரொம்ப அன்பாக. "இது உங்க தப்பு இல்ல. மரத்தோட பிறவிக் குணம்."

அவர் ஜீப் போனதும் இரண்டு பெண்களும் வேலியோரம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "அந்த மூஞ்சியப் பாத்தியா?" என்று ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ராணியம்மாள் வீட்டுக் குழம்பு காசியம்மாள் வீட்டுக்கு வந்தது.

மறுவருஷம் சித்திரையில் ரிப்போர்ட் வந்தது. தலைவர் முனிராஜ் கோயிலடியில் சத்தமாகப் படித்தார். எருக்குட்டையின் ஒன்று முதல் முப்பத்தேழு வரையுள்ள விளாமரங்கள் சீரான உயர்ரகம். ஊருக்கு அறிவிப்புப் பலகை வைக்கப் பரிந்துரை. முப்பத்தெட்டாம் நம்பர் மரம் ஒன்றே தரம் கெட்டது. அதன் பூந்தாது மற்ற மரங்களைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் அதை அகற்றிவிடுதல் நலம்.

ஊர் மூன்று நாள் சிரித்தது. "உயர்ரகம், கொஞ்சம் நவுரு" என்று முனிராஜ் வீட்டு மரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கும்பிட்டார்கள். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவள் காசியம்மாள்தான்.

ஆவணியில் ரோடுக்காரர்கள் வந்தபோது சிரிப்பு நின்றது. மண்ரோடு மொரப்பூர் வரை தார்ரோடாகிறது. ஊர் எல்லையில் ரோட்டை அகலப்படுத்த இரண்டு விளாமரத்தில் ஒன்று போகவேண்டும், கிழக்கே காசியம்மாளுடையது அல்லது மேற்கே ராணியம்மாளுடையது. இரண்டுமே ரோட்டுப் புறம்போக்கு. ஓவர்சியர் நியாயமான மனிதர், தானாக எதையும் முடிவு செய்யமாட்டார். ஃபைலைப் புரட்டினார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், சுண்ணாம்பை எடுத்துக் காசியம்மாள் மரத்தில் பெருக்கல் குறி போட்டார்.

காசியம்மாள் முதலில் சத்தம் போட்டாள். பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முள் குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. ஊரே கூடி ஓவர்சியரைச் சூழ்ந்துகொண்டு உண்மையைச் சொன்னது. அத்தனை வீட்டுப் பழமும் இந்த மரத்துப் பழம்தான் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஓவர்சியர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அத எழுதிக் குடுங்க. முப்பத்தேழு பேரும் கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்பறேன். அடுத்த புதன்கிழமை வரைக்கும் டயம்."

அவ்வளவுதான், கூட்டம் அடங்கிவிட்டது. முனிராஜ் தொண்டையைச் செருமினார். "வாயால சொல்றது வேறம்மா. எழுத்துல போட்டா, கவர்மெண்ட் ஆபீசருக்கு நாங்க பொய்ப் பழம் குடுத்தோம்னு ஆயிடும். கேஸாயிடும். பலகை வேற சாங்க்சன் ஆயிருக்குது." பெரியம்மாளுக்குத் தன் மகனைக் கேட்கவேண்டியிருந்தது. பூசாரி, அம்மன் சார்பாகத் தான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். போன வருஷம் காசியம்மாள் வாசலில் முறத்தோடு நின்றவர்கள் இப்போது அவள் வாசலைத் தவிர்த்து வயல் வழியாகச் சுற்றிப் போனார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, பயந்தாங்கொள்ளிகள். அந்தக் காகிதத்தில் விழுந்தது ஒரே ஒரு கைநாட்டு. அது ராணியம்மாளுடையது.

ஆபீசர் அரூரில் முகாம் போட்டிருப்பதாக ஹயாத் பாஷா சொல்லியனுப்பினார். செவ்வாய்க்கிழமை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பையோடு பஸ் ஏறினார்கள். காசியம்மாள் பையில் விடிகாலையில் அவள் மரத்தடியில் விழுந்த பழம். ராணியம்மாள் பையில் அவள் மரத்துப் பழம். அரூரில் ஹயாத் பாஷா சேர்ந்துகொண்டார். ஆபீஸ் வராண்டாவில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள்.

காசியம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆபீசர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு வருஷமாகப் பெரிய பெரிய இடங்களில் எருக்குட்டையைப் பற்றிப் பேசிவந்த மனிதர் அவர்.

"நீங்களே தின்னு பாருங்க சாமி" என்று ஒரு பழத்தைத் தட்டி உடைத்து நீட்டினாள். அறை முழுக்க வாசம் பரவியது.

ஆபீசர் வாயில் போட்டார். கண்ணை மூடினார். "ஆகா!" என்றார். குழாயில் சாறு விட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார், இடுக்கியால் ஓட்டை அளந்தார். பெரிய நோட்டைத் திறந்து விரலை வரிசையாக ஓட்டினார். காசியம்மாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள்.

"இனிப்பு பதினெட்டு. ஓடு மூணு மில்லிமீட்டர். அப்படியே இருக்குதும்மா! இது ஒண்ணுலேருந்து முப்பத்தேழு வரைக்கும் எந்த மரத்துப் பழமா வேணும்னாலும் இருக்கலாம். முப்பத்தெட்டா மட்டும் இருக்கவே முடியாது."

"என் மரத்துல விழுந்ததுங்க அது! என் கையால பொறுக்குனேங்க!"

ராணியம்மாள் தன் பையைக் கவிழ்த்தாள். "இதத் தின்னு பாருங்கய்யா, இதான் எம் மரத்துது. அன்னிக்கி நாந்தான் மாத்தி வெச்சேன்."

ஆபீசர் நாக்கு நுனியில் துளி வைத்தார், முகம் கோணியது. நோட்டைப் பார்த்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதான் முப்பத்தெட்டு. நூத்துக்கு நூறு சரியா இருக்குது. ரெண்டு பேரும் பையை மாத்திக்கிட்டு வந்திருக்கீங்க."

ஹயாத் பாஷா முன்னால் வந்தார். "சாப், இருவது வருசமா நான் வாங்கறேன். அந்தம்மா மரம் ஒண்ணுதான் வெல்லவிளா. மத்ததெல்லாம் சாக்குல போடற சரக்கு."

"நீங்க வியாபாரி பாய். முப்பத்தேழு மரத்தையும் மட்டம்னு சொன்னாத்தானே உங்களுக்குச் சல்லிசா கிடைக்கும்?" என்றார் ஆபீசர். ஹயாத் பாஷாவுக்கு முகம் செத்துவிட்டது.

"ஒரு நட வந்து மரத்தப் பாருங்க சாமி" என்று காசியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "கால்ல வேணும்னாலும் விழறேன்."

"மரத்தைப் பார்த்தா இனிப்பு தெரியுமாம்மா? பழம்தான் சாட்சி. பழம் இதோ சொல்லுது." கடுமையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "ஒரு மரத்து மேல பிரியம் இருக்கும், எனக்குப் புரியுது. அதுக்காக அக்கம்பக்கத்து நல்ல பழத்தைக் கொண்டாந்து என் மரத்துதுன்னு காட்டலாமா? கவர்மெண்ட்டை ஏமாத்தற வேலை இல்லையா அது?"

மூலையில் நின்ற மஸ்தான், "அய்யா, அந்தம்மா சொல்றது..." என்று ஆரம்பித்தான். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். மஸ்தான் வாயை மூடிக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் ராணியம்மாள்தான் அழுதுகொண்டே வந்தாள். காசியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வாயிருந்தும் ஊமையாக்கிவிட்டார்களே! யாரைத் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தாள். ஆபீசரைத் திட்டினால் அவர் பொய் எழுதவில்லை, தின்றதைத்தான் எழுதினார். ஊரைத் திட்டினால் அவர்கள் திருடவில்லை, கேட்டுத்தான் வாங்கினார்கள். கம்பைநல்லூர் வருகிற வரைக்கும் அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

புதன்கிழமை நாலு ஆள் கோடாரியோடு வந்தார்கள், வெளியூர்க்காரர்கள். ஊரில் ஒருத்தரும் தலை காட்டவில்லை. கருப்பண்ணன் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காசியம்மாள் மரத்துக்குப் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ராணியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வெட்டில் மரம் அதிர்ந்தது, பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்து ரோட்டில் உருண்டன.

வெட்டுக்காரர்களில் இளையவன் ஒன்றைப் பொறுக்கி, கோடாரிக் காம்பில் தட்டி, வாயில் போட்டான். மென்றுகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இன்னொன்றை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தான். நாலு பேரும் வெட்டுவதை விட்டுவிட்டுத் தின்றார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு காசியம்மாள் பக்கம் வந்தான்.

"யக்கா, பொறந்ததுல இருந்து இப்புடி ஒரு விளாம்பழம் நான் தின்னதில்ல. இத வெட்டச் சொல்ல எவனுக்குக்கா மனசு வந்துச்சு? எந்தப் பாவி அவன்?"

காசியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தாய்யா" என்றாள். "அஞ்சஞ்சா எடுத்துக் குடுத்து, நாந்தான் வெட்டுனேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராணியம்மாள் முகத்தில் முந்தானையைப் பொத்திக்கொண்டு கேவினாள். பெரிய வெட்டுக்காரர் நேரமாகிறது என்று கூப்பிட்டார். அவன் பழ ஓட்டைக் கீழே போட்டுவிட்டுக் கோடாரியை எடுத்துக்கொண்டு போனான்.